ஆக்டன் 25-ஆம் தெரு: ஓர் இரயில் சந்திப்பு நகரின் வளர்ச்சியும் தளர்ச்சியும் மீட்சியும்

ஒரு நகரின் வாழ்வு ஒரே தொழிலைச் சார்ந்து நிற்கும்போது, அத்தொழில் வளர்ந்தால் நகரம் வளர்கிறது. அது தளர்ந்தால் நகரமும் தளர்கிறது. சுரங்க நகரங்களிலும் ஆலை நகரங்களிலும் இவ்வுண்மையைப் பொருளாதார மாணவர்கள் பலமுறை கண்டிருப்பர். இரயில்வே நகரங்களும் இதற்கு விலக்கல்ல. ஆனால் இரயில்வே நகரத்திற்கு ஒரு தனித்தன்மை உண்டு. சுரங்கம் வற்றினால் அங்கே எஞ்சுவது வெற்றுக் குழியே. இரயில் போக்குவரத்து குறைந்தாலோ, நிலையமும் அதன் எதிரே அமைந்த கடைத்தெருவும், விடுதிகளும் கிடங்குகளும் நகரின் நடுவிலேயே எஞ்சி நிற்கின்றன. அவற்றை இடித்துப் புதிதாகக் கட்டுவதா, காத்துப் பயன்படுத்துவதா என்ற வினா எழுகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் யூட்டா மாநிலத்திலுள்ள ஆக்டன் என்னும் சிறு நகரம் இவ்வினாவுக்கு விடை கண்ட முறை, நகர வளர்ச்சியில் ஈடுபட்டோர் ஆராயத்தக்கது.

சந்திப்பு உருவான விதம்

வாசாட்ச் மலைத்தொடரின் மேற்கு அடிவாரத்தில், வீபர் ஆறும் ஆக்டன் ஆறும் சமவெளியில் இறங்கிக் கூடும் இடத்தருகே இந்நகரம் அமைந்துள்ளது. 1840-களில் தோல் வணிகர் ஒருவர் நிறுவிய சிறு கோட்டையே இதன் தொடக்கம். 1847-இல் மார்மன் சமயத்தினர் அதனை விலைக்கு வாங்கிக் குடியேறினர். 1851-இல் ஆக்டன் நகராட்சியாயிற்று. அப்போது அது வேளாண்மையை நம்பிய ஓர் ஊரேயன்றி வேறில்லை.

கிழக்கிலிருந்து மேற்கு நோக்கிப் பாதை அமைத்து வந்த யூனியன் பசிபிக் நிறுவனம், வீபர் பள்ளத்தாக்கு வழியாக மலையைக் கடந்து 1869 மார்ச் மாதத்தில் ஆக்டனை அடைந்தது. மேற்கிலிருந்து வந்த சென்ட்ரல் பசிபிக் நிறுவனத்தின் பாதையோடு அது இணைந்தது 1869 மே 10 அன்று. இடம், ஆக்டனுக்கு வடமேற்கே இருந்த புரோமன்டரி உச்சி. பொன் ஆணி அறையப்பட்ட அந்நிகழ்ச்சியை வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. எனினும் அந்த உச்சி, நீரும் நிலவளமும் குறைந்த மேட்டு நிலம். இரு நிறுவனங்களின் நிரந்தரச் சந்திப்பு ஆக்டனிலோ அதற்கு அருகிலோ அமைய வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் அதற்கு ஒரு மாதம் முன்னரே தீர்மானித்திருந்தது. விழா ஓரிடத்தில் நடந்தது. பயன் வேறிடத்திற்குச் சென்றது.

நிலம் கொடுத்து நிலையம் பெற்றது

ஆயினும் ‘அருகில்’ என்ற சொல்லுக்குப் பல பொருள் கொள்ளலாம். வடக்கே இருந்த கொரின் என்னும் ஊர், மார்மன் அல்லாத வணிகர்களால் நிறுவப்பட்டது. சந்திப்பைத் தனக்கே பெற்றுவிட அது முயன்றது. மார்மன் தலைவர் பிரிகம் யங், ஆக்டனின் மேற்குப் பகுதியில் 131 ஏக்கர் நிலத்தை நகர மக்களிடமிருந்து திரட்டி, நிலையமும் பணிமனைத் திடலும் அங்கே அமையவேண்டும் என்ற நிபந்தனையோடு இரயில் நிறுவனங்களுக்கு விலையின்றி வழங்க முன்வந்தார். 1874-இல் சந்திப்பு ஆக்டனில் நிலைபெற்றது. கொரின் மெல்ல மெல்லச் சிற்றூராகச் சுருங்கியது.

தொழில்களை ஈர்ப்பதற்கு நிலத்தையும் சலுகைகளையும் வழங்கும் முறை இக்காலத்தில் எங்கும் பரவியுள்ளது. ஆக்டன் அதற்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அந்நகரம் அதன் பலனை நுகர்ந்தது. ஆனால் அந்த ஒப்பந்தத்தின் மறுபக்கத்தையும் நாம் கவனிக்க வேண்டும். நகரின் முகப்பான நிலம் தனியார் நிறுவனத்தின் உடைமையாயிற்று. அதன் விளைவு அடுத்த நூற்றாண்டில்தான் தெரிந்தது.

தெருவின் பொருளாதாரம்

1870-இல் ஆக்டனிலிருந்து சால்ட் லேக் நகருக்கு யூட்டா சென்ட்ரல் பாதை திறக்கப்பட்டது. 1883-இல் டென்வர் - ரியோ கிராண்டே பாதையும் வந்து சேர்ந்தது. 1888-இல் யூனியன் பசிபிக்கும் சென்ட்ரல் பசிபிக்கின் வழிவந்த சதர்ன் பசிபிக்கும் சேர்ந்து நிலையத்தை நடத்தக் கூட்டு நிறுவனம் ஒன்றை அமைத்தன. 1889-இல் கட்டப்பட்ட கடிகாரக் கோபுரத்துடன் கூடிய நிலையம் 1923 பிப்ரவரியில் தீக்கிரையாயிற்று. அதே இடத்தில் 1924-இல் எழுந்த கட்டடமே இன்றும் நிற்கிறது. 1904-இல் பெரும் உப்பு ஏரியின் குறுக்கே மரப்பாலத்தின் மீது லூசின் குறுக்குப் பாதை திறக்கப்பட்டது. பயணத் தொலைவு ஏறக்குறைய 70 கிலோமீட்டர் குறைந்தது. புரோமன்டரி வழி கிளைப்பாதையாகத் தாழ்ந்து, 1942-இல் போர்க்காலத் தேவைக்காக அதன் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன.

சந்திப்பு என்பது வெறும் நிறுத்தம் அன்று. ஒரு நிறுவனத்தின் வண்டி அங்கே முடிகிறது. மற்றொன்றின் வண்டி அங்கே தொடங்குகிறது. எஞ்சினும் பணியாளரும் மாறுகின்றனர். பெட்டிகள் பிரித்துக் கோக்கப்படுகின்றன. கலிபோர்னியாப் பழங்களை ஏற்றிய பெட்டிகளில் பனிக்கட்டி நிரப்பப்பட வேண்டியிருந்தது. கால்நடைகளுக்கு ஒரு சட்டமே துணை நின்றது. இரயிலில் செல்லும் கால்நடைகளை 28 மணி நேரத்திற்கு மேல் இறக்காமல் வைத்திருக்கக் கூடாது. இறக்கி, நீரும் தீனியும் ஓய்வும் தர வேண்டும் என்று 1873-இல் கூட்டாட்சிச் சட்டம் இயற்றப்பட்டது. 1906-இல் அது திருத்தி வலுப்படுத்தப்பட்டது. இதனால் நெடுவழியின் இடையிலிருந்த ஆக்டனில் கால்நடைப் பட்டிகள் பெருகின. பட்டியை ஒட்டிச் சந்தையும், சந்தையை ஒட்டி இறைச்சித் தொழிலும் வளர்ந்தன. மாவாலைகளும் பழங்களைத் தகரத்தில் அடைக்கும் ஆலைகளும் உடன் எழுந்தன. போக்குவரத்தில் ஏற்படும் ஒவ்வொரு தடங்கலும் அந்நகருக்கு ஒரு வேலைவாய்ப்பாக அமைந்தது எனலாம்.

இவ்வருமானம் செலவான இடமே 25-ஆம் தெரு. நிலையத்தின் வாயிலிலிருந்து கிழக்கே மலையை நோக்கி நேராகச் செல்லும் இத்தெருவின் முதல் மூன்று பகுதிகளில், இரண்டு மூன்று மாடிச் செங்கற் கட்டடங்கள் நெருக்கமாக எழுந்தன. கீழே கடை, மேலே அறை என்பதே பொது அமைப்பு. விடுதிகள், உணவுக் கடைகள், சலவைக் கடைகள், முடிதிருத்தகங்கள், அடகுக் கடைகள் ஆகியவை பயணிகளையும் பணியாளரையும் நம்பி வாழ்ந்தன. மதுக்கடைகளும் சூதாட்ட விடுதிகளும் விபசாரமும் உடன் வளர்ந்தன. 1917-இல் யூட்டா மாநிலம் மதுவிலக்கை நடைமுறைப்படுத்திய பின்னரும் கள்ள மது வணிகம் இத்தெருவை விட்டு அகலவில்லை. நாட்டின் பல பகுதிகளிலும் இத்தெரு கெட்ட பெயர் ஈட்டியது.

அப்பெயர் தெருவின் ஒரு பக்கத்தை மட்டுமே காட்டுகிறது. பாதை அமைக்க வந்த சீனத் தொழிலாளருள் சிலர் இங்கே கடை வைத்தனர். அவர்களுக்குப் பின் ஜப்பானியக் குடும்பங்கள் வந்தன. தூங்கும் வசதிப் பெட்டிகளிலும் உணவுப் பெட்டிகளிலும் பணிபுரிந்த கறுப்பினத்தவர், இன ஒதுக்கல் காரணமாக ஏனைய விடுதிகளில் தங்க இயலாத நிலையில், இத்தெருவிலிருந்த ‘போர்ட்டர்ஸ் அண்ட் வெயிட்டர்ஸ் கிளப்’ என்னும் விடுதியில் தங்கினர். அவ்விடுதி பின்னாளில் ஜாஸ் இசைக்குப் பெயர் பெற்றது. நகரின் பிற பகுதிகளில் இடம் பெறாதோருக்கு இடம் தந்த தெரு இது.

தளர்ச்சி ஏன்?

1870-இல் 3,127 ஆக இருந்த ஆக்டனின் மக்கள் தொகை, 1930-இல் 40,272 ஆகவும் 1960-இல் 70,197 ஆகவும் உயர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்களின் போக்குவரத்தால் நிலையம் உச்ச நிலையை எட்டியது. போர் முடிந்தபின் இறக்கம் தொடங்கியது. 1990-இல் மக்கள் தொகை 63,909 ஆகக் குறைந்திருந்தது. இதற்கான காரணங்களை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, தொழில்நுட்ப மாற்றம். நீராவி எஞ்சினுக்கு அடிக்கடி நீரும் கரியும் பழுதுபார்ப்பும் தேவை. டீசல் எஞ்சினுக்கு அத்தேவை மிகக் குறைவு. ஆகவே பணிமனைகளில் ஆட்குறைப்பு நேர்ந்தது. குளிர்சாதனப் பெட்டிகள் வந்தபின் பனிக்கட்டி நிரப்பும் வேலையும் மறைந்தது.

இரண்டாவது, சாலையின் போட்டி. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய நெடுஞ்சாலைகள் பயணிகளையும் சரக்கையும் ஈர்த்தன. ஆக்டனையும் சால்ட் லேக் நகரையும் இணைத்த பாம்பெர்கர் மின்சார இரயிலின் பயணிகள் சேவை அதற்கு முன்பே 1952-இல் நின்றுவிட்டது. கால்நடைகள் லாரிகளில் செல்லத் தொடங்கியதால், 1971-இல் கால்நடைச் சந்தை மூடப்பட்டது.

மூன்றாவது, பயணிகள் சேவையின் சுருக்கம். 1971-இல் நீண்ட தூரப் பயணிகள் வண்டிகளை ஆம்டிராக் என்னும் கூட்டாட்சி நிறுவனம் ஏற்றது. 1983-இல் சிகாகோ - சான் பிரான்சிஸ்கோ வழி வண்டி சால்ட் லேக் நகர் வழியே திருப்பிவிடப்பட்டது. எஞ்சியிருந்த ‘பயனியர்’ வண்டியும் 1997-இல் நிறுத்தப்பட்டது.

நான்காவது, உடைமை மாற்றம். 1996-இல் யூனியன் பசிபிக், சதர்ன் பசிபிக்கைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. இரு நிறுவனங்கள் கைமாறும் இடம் என்பதே ஆக்டனின் பிறப்புரிமை. இரு நிறுவனங்களும் ஒன்றானபோது அவ்வுரிமைக்குப் பொருளில்லாமற் போயிற்று. பாதை இருக்கிறது, சரக்கு வண்டிகள் ஓடுகின்றன, ஆனால் அவை அங்கே நின்று காத்திருக்க வேண்டிய தேவை சுருங்கிவிட்டது. நாட்டின் போக்குவரத்துத் திறன் உயர்ந்ததே இந்நகரின் இழப்பாயிற்று. திட்டமிடுவோர் மறக்கலாகாத உண்மை இது: மொத்த நன்மை ஓரிடத்தின் நட்டத்தை உள்ளடக்கியதாக இருக்கக்கூடும்.

இடிப்பதா, காப்பதா?

1960-களில் 25-ஆம் தெருவின் மேல்மாடிகள் பலவும் வெறுமையாகிவிட்டன. அக்காலத்தில் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் மேற்கொள்ளப்பட்ட பரிகாரம், பழைய பகுதியை முற்றிலும் இடித்து நிலத்தைச் சமன் செய்வதே. அதன் இழப்புகளைக் கண்டபின்தான் 1966-இல் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. தேசியப் பதிவேடு ஒன்று தொடங்கப்பட்டது. கீழ் 25-ஆம் தெருவின் வரலாற்று வட்டாரம் 1978-இல் அப்பதிவேட்டில் இடம் பெற்றது. நிலையக் கட்டடமும் அதே காலத்தில் நகராட்சியின் பொறுப்பிற்கு வந்து, அருங்காட்சியகங்களின் இருப்பிடமாயிற்று.

பதிவேட்டில் சேர்த்தால் கட்டடத்தை இடிக்கவே முடியாது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. கூட்டாட்சி அரசின் பணமோ அனுமதியோ தேவைப்படும் பணிகளில்தான், அப்பணி வரலாற்றுச் சின்னத்தைப் பாதிக்குமா என்று ஆராயவேண்டிய கடமை எழுகிறது. தன் சொந்தப் பணத்தில் தன் கட்டடத்தை மாற்றும் உரிமையாளரைத் தேசியப் பதிவேடு தடுப்பதில்லை. அத்தகைய தடையை விதிக்கும் அதிகாரம் உள்ளூர் விதிகளுக்கே உண்டு. ஆக்டனில் அப்பணியை நகராட்சியின் சின்னங்கள் ஆணையம் செய்கிறது. பழைய கட்டடங்களின் முகப்பு மாற்றங்களை அது பரிசீலிக்கிறது. ஆகவே தேசியப் பதிவேடு மதிப்பைத் தருகிறது. நகராட்சி விதி கட்டுப்பாட்டைத் தருகிறது. இவ்விரண்டு மட்டும் இருந்தால் உரிமையாளருக்குச் சுமையே மிஞ்சும். மூன்றாவதாக வேண்டுவது பணம்.

வரிச் சலுகை இயங்கும் முறை

1976 வரை அமெரிக்க வரிச் சட்டம் பழைய கட்டடத்தை இடித்துப் புதிது கட்டுவோருக்கே சாதகமாக இருந்தது. அவ்வாண்டு முதல் இந்நிலை மாறியது. 1981-இல், சான்று பெற்ற வரலாற்றுக் கட்டடத்தைச் சீரமைக்கும் செலவில் 25 சதவீதம் வருமான வரியில் கழிக்கப்படும் என்று சட்டம் இயற்றப்பட்டது. 1986-இல் அது 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2017-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின், இச்சலுகையை ஒரே ஆண்டில் பெற இயலாது. ஐந்து ஆண்டுகளில் பகிர்ந்தே பெறவேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒருவருடைய கட்டடத்தின் கணக்கு மதிப்பு, நிலம் நீங்கலாக, 1 இலட்சம் டாலர் என்று கொள்வோம். அவர் 3 இலட்சம் டாலர் செலவிட்டுச் சீரமைத்தால், 20 சதவீதமான 60,000 டாலர் அவர் செலுத்த வேண்டிய வரியிலிருந்து கழியும். ஆண்டுக்கு 12,000 டாலர் வீதம் ஐந்து ஆண்டுகள். வருமானத்திலிருந்து கழிவது வேறு, வரியிலிருந்தே கழிவது வேறு என்பதை மாணவர் கவனிக்க வேண்டும். இரண்டாவதே உரிமையாளருக்குப் பெரும் பயன் தருவது.

நிபந்தனைகளும் உண்டு. கட்டடம் வருமானம் ஈட்டுவதாக இருக்க வேண்டும். உரிமையாளர் தாமே குடியிருக்கும் வீட்டுக்கு இச்சலுகை இல்லை. செலவு, கட்டடத்தின் கணக்கு மதிப்பை விஞ்ச வேண்டும். வெறும் சுண்ணாம்புப் பூச்சுக்குச் சலுகை கிடையாது. கட்டடத்தின் வரலாற்றுத் தன்மையைச் சிதைக்காமல் வேலை நடந்தது என்று தேசியப் பூங்காத் துறை சான்றளிக்க வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்குள் விற்றால் சலுகையின் ஒரு பகுதியைத் திருப்பிச் செலுத்தவும் நேரும். இவ்வாறு, கட்டளையால் சாதிக்க முடியாததை வரிக்கொள்கையால் சாதிக்க அரசு முயன்றது. ஆனால் வரி செலுத்துமளவு வருமானமில்லாத சிறு கடைக்காரருக்கு இச்சலுகையால் நேரடிப் பயன் இல்லை என்பதையும் குறிப்பிடாமல் இருக்க முடியாது.

அருகிலேயே ஒரு பாடம்

25-ஆம் தெருவைக் காக்கும் முயற்சி தொடங்கிய அதே காலத்தில், ஆக்டன் நகர் மற்றொரு வழியையும் சோதித்துப் பார்த்தது. சில தெருக்கள் தள்ளி, பழைய கடைகள் இருந்த பெரும்பரப்பில், கூரையிட்ட பேரங்காடி ஒன்று 1980-இல் திறக்கப்பட்டது. புறநகர் அங்காடிகளுக்கு இழந்த வாடிக்கையாளரை மீட்பதே அதன் நோக்கம். சில ஆண்டுகள் அது செழித்தது. பின்னர் பெரிய கடைகள் ஒவ்வொன்றாக விலகவே, 2000-களின் தொடக்கத்தில் அது இடிக்கப்பட்டது. கட்டி முடித்து கால் நூற்றாண்டுகூட நிறையவில்லை. அவ்விடத்தில் வேறொரு வளர்ச்சித் திட்டத்தை நகரம் மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று.

நூறாண்டு கடந்த செங்கற் கட்டடங்களோ நின்றன. காரணம் அழகு மட்டும் அன்று. பேரங்காடி இரண்டு மூன்று பெரிய வாடகைதாரரை நம்பியது. அவர்கள் போனால் முழுக் கட்டடமும் வீழும். பழைய தெருவில் கட்டடங்கள் சிறியவை, உரிமையாளர்கள் பலர். ஒரு கடை மூடினால் அடுத்த கடை பாதிப்பின்றி நடக்கும். ஒரே நாளில் முழுத் தெருவையும் மாற்ற வேண்டியதில்லை. ஒவ்வொரு கட்டடமாகச் சீரமைக்கலாம். சிறு முதலீட்டாளரும் பங்கு கொள்ளலாம். பல சிறு அலகுகள் இடரைப் பகிர்ந்துகொள்ளும் என்ற பொருளாதாரக் கோட்பாட்டுக்கு இத்தெரு ஒரு கண்கூடான சான்று. 2014-இல் அமெரிக்கத் திட்டமிடுவோர் சங்கம் நாட்டின் சிறந்த தெருக்களுள் ஒன்றாக இதனைத் தேர்ந்தெடுத்தது.

யாருக்குப் பயன்?

இன்று 25-ஆம் தெருவில் உணவகங்களும் கலைக்கூடங்களும் கடைகளும் நடைபெறுகின்றன. கோடையில் உழவர் சந்தை கூடுகிறது. 2008-இல் ‘ஃபிரன்ட்ரன்னர்’ என்னும் புறநகர் இரயில் சால்ட் லேக் நகரிலிருந்து ஆக்டன் வரை ஓடத் தொடங்கியது. பழைய நிலையத்திற்குச் சற்று வடக்கே அதன் நிலையம் அமைந்துள்ளது. 2020-இல் நகரின் மக்கள் தொகை 87,321.

இவ்வளர்ச்சி முழுவதையும் வரலாற்றுப் பாதுகாப்பின் கணக்கில் வரவு வைப்பது தவறாகும். இரயில்வே இழந்த வேலைகளை ஈடு செய்தவை பெரும்பாலும் அரசுப் பணிகளே. 1940-இல் தொடங்கிய ஹில் வான்படைத் தளமும், கூட்டாட்சி உள்நாட்டு வருவாய்த் துறையின் வரிப் பரிசீலனை நிலையமும் இப்பகுதியின் பெரும் வேலையளிப்போர். போர்க்காலத்தில் தோன்றிய படைத்துறைக் கிடங்கோ 1997-இல் மூடப்பட்டது. ஆகவே நகரம் ஒரு சார்பிலிருந்து விடுபட்டு மற்றொரு சார்புக்கு மாறியதேயன்றி, சார்பே அற்றதாகிவிடவில்லை. எனினும் இவ்விரண்டும் ஓரிடத்தில் கைகோத்தன. நிலையத்திற்கு அருகிலுள்ள ஸ்கௌக்ராஃப்ட் என்னும் பழைய மொத்த வணிகக் கிடங்கு சீரமைக்கப்பட்டு, வருவாய்த் துறையின் அலுவலகமாயிற்று. நீண்டகால வாடகை தரும் அரசு அலுவலகம் ஒன்று பழைய கட்டடத்தில் குடியேறினால், சீரமைப்புக்குத் தேவையான கடனை வங்கியிடம் பெறுவது எளிதாகிறது. அலுவலர்கள் நண்பகலில் உண்ணப் போகும் கடைகளும் பிழைக்கின்றன. அலுவலக இடத்தைத் தேர்ந்தெடுக்கும் சாதாரண முடிவும் ஒரு வளர்ச்சிக் கருவியே.

மற்றொரு வினா மேலும் கடினமானது. தெரு சீரடைந்தால் வாடகை உயர்கிறது. மலிவான அறைகளில் வாழ்ந்த முதியோரும் கூலித் தொழிலாளரும் இத்தகைய இடங்களை விட்டு விலக நேர்கிறது. இடமற்றோருக்கு இடம் தந்ததே இத்தெருவின் வரலாறு. அவ்வரலாற்றைப் போற்றும் சீரமைப்பு அவர்களையே வெளியேற்றுமானால், காக்கப்பட்டது சுவர் மட்டுமே. கட்டடங்களுக்குச் சலுகை வழங்கும் சட்டம், அவற்றில் வாழ்ந்தவர்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மேல்மாடிகளில் குறைந்த வாடகைக் குடியிருப்புகளை ஒதுக்குவதற்குத் தனிச் சலுகை ஒன்று அமெரிக்காவில் 1986 முதல் உண்டு. இரண்டையும் இணைத்துப் பயன்படுத்தலாம். ஆனால் அதற்கு நகராட்சியின் முனைப்பு வேண்டும். அது தானாக நிகழ்வதன்று.

இறுதியாக, நிலத்தின் கதை. 1874-இல் விலையின்றிக் கொடுக்கப்பட்ட நிலையப் பகுதி நிலம், நூறாண்டுகளுக்கு மேல் இரயில் நிறுவனத்தின் உடைமையாகவே இருந்தது. கட்டடம் நகராட்சியின் பொறுப்பில், நிலம் நிறுவனத்தின் கையில் என்ற நிலையில் பெருஞ்செலவில் சீரமைக்க நகராட்சி தயங்கியது இயல்பே. 2022-இல்தான் நகராட்சி விலை கொடுத்து அதனைத் திரும்பப் பெற்றது. தொழிலை ஈர்க்க நிலம் வழங்கும் எந்த அரசும், அத்தொழில் நீங்கும் நாளில் நிலம் யாரிடம் இருக்கும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவைப்பது நலம்.

நம் நாட்டில் இரயில்வே அரசின் உடைமை. ஆகவே ஆக்டனின் வழி அப்படியே நமக்குப் பொருந்தாது. எனினும் பணிமனைகளையும் சந்திப்புகளையும் நம்பி எழுந்த ஊர்கள் நம்மிடமும் பல உள்ளன. பாதை இரட்டிப்பாகும்போதும், மின்மயமாகும்போதும், புறவழிப் பாதை திறக்கும்போதும், அவ்வூர்களின் நிலையத் தெருக்கள் என்ன ஆகும் என்று திட்ட அறிக்கையிலேயே ஒரு பத்தி எழுதப்படுமானால், பின்னர் இடிப்பதா காப்பதா என்று தவிக்க வேண்டிய நிலை ஓரளவேனும் குறையும்.